முகத்துக்கு ஓர்கானிக் சன்கிறீம்: எண்ணெயைப் பார்க்குமுன் பொடியைப் பாருங்கள்

இரண்டு வருடத்துக்கு முன், சித்திரை விடுமுறையில், திருகோணமலை நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகில் போனோம். மச்சாள் கொழும்பிலிருந்து வந்திருந்தாள். என் கைப்பையில் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தல், இணையத்தில் வாங்கியது. கரட் விதை எண்ணெயும் ராஸ்பெரி விதை எண்ணெயும் தேங்காயெண்ணெயில் கலந்தது என்று எழுதி, அதற்குக் கீழே ‘இயற்கையாகவே எஸ்பிஎஃப் 40’ என்று ஒட்டியிருந்தார்கள். எஸ்பிஎஃப் என்பது வெயில் தோலைச் சுடுவதை ஒரு கிறீம் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண். இரண்டு பேரும் தாராளமாகப் பூசிக்கொண்டோம். பின்னேரம் வீட்டுக்கு வந்து முகம் கழுவினால் மூக்கு எரிகிறது. மூன்றாம் நாள் கன்னத்து மேட்டில் தோல் உரிந்தது. மச்சாளின் மேலுதட்டுக்கு மேல் விழுந்த பழுப்புக் கறை மங்க எட்டு மாதம் எடுத்தது. கல்யாணப் படத்திலும் அது தெரிகிறது என்று இன்றைக்கும் எனக்குத்தான் பேச்சு.

அதற்குப் பிறகுதான் சன்கிறீம் லேபலைப் படிக்கப் பழகினேன். உப்புவெளியிலிருந்து டவுனுக்குத் தினமும் ஸ்கூட்டியில் போகிறவள் என்பதால் சோதித்துப் பார்க்க வெயிலுக்குப் பஞ்சமில்லை. நான் கண்ட விஷயம் ஒன்றுதான்: ஓர்கானிக் சன்கிறீமில் வெயிலைத் தடுப்பது எண்ணெய் அல்ல, அதில் கலந்திருக்கும் வெள்ளைப் பொடி. எண்ணெய் அந்தப் பொடியைச் சுமந்து வரும் வண்டி. வண்டி நன்றாக இருந்தால் பயணம் சுகம், ஆனால் வண்டி காவல் நிற்காது.

படி 1: நம் வெயிலைத் தெரிந்துகொள்ளுங்கள்

திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு எட்டரைப் பாகை வடக்கே இருக்கிறது. அதனால் சூரியன் வருடத்தில் இரண்டு முறை நம் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கும். ஏப்ரல் 12, 13 வாக்கில், புத்தாண்டை ஒட்டி ஒரு முறை. ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை. அந்த நாள்களில் பகல் 12 மணி தாண்டிச் சில நிமிடத்தில் டச்சு பே மணலில் நின்று பாருங்கள். நிழல் காலடிக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் முகத்துக்குப் பாதுகாப்பு வேண்டிய நேரம். கைத்தொலைபேசியின் வானிலைச் செயலியில் யூவி இண்டெக்ஸ் என்று ஓர் எண் வரும். அது 3 ஐத் தொட்டால் பாதுகாப்புத் தேவை, 11 ஐத் தொட்டால் மிக ஆபத்து என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். சித்திரை நடுப்பகலில் நம் ஊரில் 11 ஐத் தாண்டுவது புதினமில்லை.

புற ஊதாக் கதிரில் முகத்தைப் பாதிப்பவை இரண்டு. யூவிபி என்பது தோலைச் சுடுவது. யூவிஏ சுடாது, ஆழமாக உள்ளே போய்க் கருமையும் சுருக்கமும் தரும். அது கண்ணாடியையும் தாண்டும். கந்தளாய் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கைக்காரருக்கும் அது உண்டு.

‘நாங்கள் கறுப்புத்தானே, எங்களுக்கு எதற்கு இது?’ என்று கேட்காதவர்கள் குறைவு. தோலின் கருமை உண்மையிலேயே ஒரு காவல்தான். நன்றாகக் கறுத்த தோலுக்கே அது ஏறத்தாழ எஸ்பிஎஃப் 13 அளவு என்று 1970களில் அளந்தார்கள். நம்மில் பலர் அதைவிட மாநிறம். தவிர, நமக்கு வரும் தொல்லை வெள்ளைக்காரர் போல முகம் சிவப்பது அல்ல. திட்டுத்திட்டாகக் கறுப்பதும், பரு வந்த இடம் மாதக்கணக்கில் கறையாக நிற்பதும்தான்.

படி 2: ‘ஓர்கானிக்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பாடசாலை இரசாயனப் புத்தகத்தில் ஓர்கானிக் என்பதற்குச் சேதனம் என்று பெயர், அதாவது காபன் சேர்ந்த சேர்வை. அந்தக் கணக்கில், சன்கிறீம்களில் சேர்க்கும் அவோபென்சோன், ஒக்ஸிபென்சோன், ஒக்டினொக்சேட் எல்லாம் வெயிலைத் தடுக்கும் ‘சேதன’ வடிகட்டிகள், ஆனால் ஆலையில் செய்யப்படுபவை. சிங்க் ஒக்சைட்டும் டைட்டானியம் டைஒக்சைட்டும் ‘அசேதன’ வடிகட்டிகள். கடையில் ஓர்கானிக் என்று விற்கும் சன்கிறீமில் வெயிலைத் தடுப்பது இந்த அசேதன வெள்ளைப் பொடிகள் இரண்டும்தான்! 2021 இல் சேதனப் பசளை பட்ட பாட்டைப் பார்த்த நாட்டில், அந்தச் சொல் இன்னொரு தடவையும் குழப்புகிறது.

ஆகவே ஓர்கானிக் என்று எழுதியிருந்தால் அது கிறீமில் உள்ள எண்ணெய், வெண்ணெய், செடிச் சாறு எப்படி விளைந்தன என்பதைப் பற்றிய பேச்சு. கனிமமும் தண்ணீரும் வயலில் விளைவதில்லை. ஐரோப்பாவின் கொஸ்மொஸ் ஓர்கானிக் முத்திரைக்குக்கூட, பூசிவிட்டு முகத்திலேயே விடும் ஒரு பொருளின் மொத்த எடையில் 20 சதவீதம் ஓர்கானிக்காக இருந்தால் போதும். விளைபொருள்களை மட்டும் எடுத்தால் அவற்றில் 95 சதவீதம் இருக்க வேண்டும். இது ஏமாற்று அல்ல, கணக்கு அப்படி. முத்திரையே இல்லாமல் பச்சை இலைப் படம் மட்டும் இருந்தால், அது இலைப் படம் மட்டுமே.

டைட்டானியம் டைஒக்சைட்டின் மூலப்பொருள் நம் மாவட்டத்திலேயே கிடக்கிறது. புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலில் இருக்கும் இல்மனைட்டும் ரூட்டைலும் டைட்டானியத் தாதுக்கள். அந்த மணல் மணலாகவே கப்பலேறிப் போகிறது. அதே வகைத் தாது எங்கோ ஓர் ஆலையில் வெள்ளைத் தூளாகி, பெயின்ட்டாகவும் சன்கிறீமாகவும் நம் கடைக்கு வந்து சேர்கிறது. கறுப்பாய்ப் போகிற மணலுக்கும் வெள்ளையாய் வருகிற தூளுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

படி 3: லேபலில் பொடியைத் தேடுங்கள்

டியூப்பைத் திருப்புங்கள். நான் பார்க்கும் முதல் சொல் சிங்க் ஒக்சைட். யூவிபியையும் யூவிஏயில் பெரும்பகுதியையும் ஒன்றாகப் பிடிக்கும் பொடி அது. டைட்டானியம் டைஒக்சைட் யூவிபிக்குக் கெட்டிக்காரன், நீண்ட யூவிஏக்குக் கொஞ்சம் தளர்வு. டைட்டானியம் மட்டும் இருக்கும் கிறீமை நான் வாங்குவதில்லை. சதவீதம் போட்டிருந்தால் சிங்க் 15க்குக் கீழே இருப்பதைத் திரும்ப வைத்துவிடுவேன். இந்தப் பொடிகள் கண்ணாடி போல வெயிலைத் தெறிக்க வைக்கும் என்பார்கள். உண்மையில் புற ஊதாவின் பெரும்பகுதியை அவை உறிஞ்சுகின்றன, தெறிப்பது சொற்பம்.

அடுத்து எண்கள். எஸ்பிஎஃப் 15 யூவிபியில் 93 சதவீதத்தைத் தடுக்கும், 30 என்றால் 97, 50 என்றால் 98. ஆக 30க்கு மேலே இருந்தால் சரி. 100 என்று எழுதியதற்காகக் கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை. எஸ்பிஎஃப் யூவிஏயைப் பற்றி அதிகம் சொல்லாது. அதற்குப் பிஏ என்ற எழுத்துக்குப் பின்னால் மூன்று அல்லது நான்கு கூட்டல் குறி வேண்டும், அல்லது வட்டத்துக்குள் யூவிஏ என்ற ஐரோப்பியக் குறி வேண்டும்.

ஒரு நுணுக்கம்: எஸ்பிஎஃப் அளப்பது தோல் சிவப்பதை வைத்து. அதிமதுரம் போன்ற, சிவப்பைத் தணிக்கும் செடிச் சாறுகளைச் சேர்த்தால் எண் ஏறலாம், யூவிஏ பாதுகாப்பு ஏறாமலே. ‘நூறு வீதம் மினரல்’, அதாவது இந்தக் கனிமப் பொடிகள் மட்டும், என்ற டியூப்பிலும் பியூட்டைல் ஒக்டைல் சாலிசிலேட் என்று ஒன்று இருக்கும். அது சேதன வடிகட்டியின் ஒன்றுவிட்ட சகோதரம். இருந்தால் ஆபத்து என்று சொல்லவில்லை. சுத்த மினரல்தான் வேண்டும் என்று காசு கொடுப்பவர் தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 4: இப்போது எண்ணெய்

முதலில் அந்த எஸ்பிஎஃப் 40 கதை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 2000 ஆம் ஆண்டு ஓர் உணவு வேதியியல் ஆய்விதழில், ராஸ்பெரி விதை எண்ணெய் புற ஊதாக் கதிரை எவ்வளவு கடக்க விடுகிறது என்று அளந்து, டைட்டானியம் டைஒக்சைட் கிறீம்களோடு ஒப்பிட்டு ஒரு வரி எழுதினார்கள். அந்த வரியில் இருந்த 28, 50 என்ற எண்கள் கைமாறிக் கைமாறி எண்ணெயின் எஸ்பிஎஃப் ஆகிவிட்டன. அந்த ஆய்வில் யாரும் எண்ணெயை மனிதத் தோலில் பூசி அளக்கவில்லை. 2010 இல் இந்தியாவில் எண்ணெய்களை ஆய்வுகூடக் கருவியில் அளந்தபோது ஒலிவ் எண்ணெய்க்கும் தேங்காயெண்ணெய்க்கும் 7க்கும் 8க்கும் இடையே வந்தது, ஆமணக்குக்கு 6க்குக் கிட்ட, நல்லெண்ணெய்க்கு 2. அதுவும் மதுசாரத்தில் கரைத்துக் குப்பிக்குள் வைத்து அளந்தது. வியர்க்கும் முகத்தில் எண்ணெய் அந்த அளவுக்குத் தடிப்பாக நிற்பதே இல்லை.

சரி, காவல் நிற்காத எண்ணெய் எதற்கு? பொடி கட்டி தட்டாமல் பரவவும், தோலில் படலமாக ஒட்டவும், சிங்க் உலர்த்தி விடும் தோலை மெதுவாக வைத்திருக்கவும். எந்த எண்ணெய் என்பதைப் பொறுத்துத்தான் கிறீம் கனக்குமா, பரு வருமா, எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும் என்பதெல்லாம்.

லேபலில் செடிப் பெயர்கள் லத்தீனில் இருக்கும். கோகோஸ் நியூசிஃபெரா என்றால் தென்னை, செசாமம் இண்டிகம் எள்ளு, ஹெலியாந்தஸ் அன்னூஸ் சூரியகாந்தி, ரிசினஸ் கொம்யூனிஸ் ஆமணக்கு, சிமொண்ட்சியா சைனென்சிஸ் ஜொஜோபா.

தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ பாதி லோரிக் அமிலம். கெடுவது மெதுவாகத்தான், ஆனால் பரு வரும் முகத்துக்குப் பகை. தோல் துவாரத்தை அடைக்கும் பொருள்களின் பட்டியலில் அதற்கு 5க்கு 4 கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலே முயலின் காதில் பூசிப் பார்த்த பழைய சோதனையிலிருந்து வந்தது, அதனால் வேதவாக்காக எடுக்க வேண்டாம். எனக்கு நெற்றியில் சின்னச் சின்னக் குருக்கள் வருகின்றன. அக்காவுக்கு ஒன்றுமே வருவதில்லை. அதே தேங்காயிலிருந்து பிரித்தெடுக்கும் கப்ரிலிக் கப்ரிக் டிரைகிளிசரைட் வேறு ரகம்: தண்ணீர் போல லேசு, மணம் இல்லை, லோரிக் இல்லை. நல்ல மினரல் சன்கிறீம்கள் பலவற்றில் பட்டியலின் மேலே இருப்பது இதுதான்.

சூரியகாந்தியில் லினோலெயிக் அமிலம் அதிகம், எண்ணெய்ப்பசைத் தோலுக்கு நல்லது. ஆனால் சீக்கிரம் காற்றோடு சேர்ந்து கெடும், எனவே கூடவே டொகோஃபெரோல், அதாவது விட்டமின் ஈ, இருக்கிறதா என்று பாருங்கள். ஜொஜோபா உண்மையில் எண்ணெயே அல்ல, திரவ மெழுகு. நம் வெக்கையிலும் கெடாமல் நெடுநாள் நிற்கும். எனக்குப் பிடித்தது இதுதான், விலையைத் தவிர. ஆமணக்கு கெட்டி, பொடியை நனைத்துப் பிடிப்பதில் அதற்கு நிகர் இல்லை, அதனால்தான் லிப்ஸ்டிக்கிலும் நிறம் சேர்த்த சன்கிறீமிலும் அதைப் போடுகிறார்கள். ஷியா வெண்ணெயும் தேன்மெழுகும் அதிகம் உள்ள கிறீம் வாடைக்காலத்துக்குப் பரவாயில்லை. கச்சான் காற்று அனலாய் வீசும் ஆடியில் அதைப் பூசினால் முகத்தில் போர்வை போர்த்தியது போல இருக்கும்.

நம் மரங்களும் இந்தப் பட்டியலில் உண்டு. புங்கம் எண்ணெய் கரஞ்சா என்ற பெயரில் விலை உயர்ந்த கிறீம்களில் வருகிறது. அதன் லத்தீன் பெயரான பொங்காமியாவே நம் புங்கத்திலிருந்து போனது. அதில் உள்ள கரஞ்சின், பொங்கமோல் என்ற பொருள்கள் புற ஊதாவைக் கொஞ்சம் உறிஞ்சும் என்பது உண்மை. சிங்குக்குத் துணையாக நல்லது, தனியாகப் போதாது. கடற்கரைப் புன்னையின் எண்ணெயைத் தமானு என்று விற்கிறார்கள். பச்சை நிறம், கனமான வாசம், தடித்த பிசுக்கு. தழும்புக்குப் பூசுவார்கள். பகலில் முகத்துக்கு நான் போட மாட்டேன்.

ஆபத்தானது ஒன்று உண்டு: பிழிந்தெடுத்த தேசிக்காய், எலுமிச்சை, பேர்கமொட் பழத்தோல் எண்ணெய். அவற்றில் உள்ள ஃபூரனோகூமரின் என்ற பொருள் தோலில் பட்டு வெயிலும் பட்டால் தோல் வெந்துபோகும், கறை மாதக்கணக்கில் நிற்கும். போன வருடம் தேசிக்காய் ஊறுகாய்க்கு ஐம்பது காய் வெட்டிவிட்டு, கையை அரைகுறையாகக் கழுவிக்கொண்டு மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட்டேன். இரண்டு நாளில் இடது மணிக்கட்டில் சாறு வழிந்த பாதை அப்படியே பழுப்புக் கோடாக எழுந்து வந்தது, முழங்கைப் பக்கம் போய் ஒரு சொட்டில் முடிந்தது. முகத்துக்குத் தேசிக்காய் தேய்த்து ‘வெளுக்க’ நினைப்பவர்களுக்கு அந்தக் கையைக் காட்டியிருக்கலாம்.

படி 5: நிறத்துக்கு ஏற்றது

மினரல் சன்கிறீமின் பெரிய குறை அது முகத்தில் விடும் வெள்ளை. முதல் முறை நான் பூசிக்கொண்டு போன அன்று, பாமசியில் நின்ற ஐயா ‘என்ன பிள்ளை, கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு வாறீங்களோ?’ என்றார். நெற்றி முழுக்கத் திருநீறு பூசின மாதிரி இருந்ததாம்.

வழி, நிறம் சேர்த்த கிறீம் வாங்குவது. அதில் இருப்பது இரும்பு ஒக்சைட், காவிக்கல்லுக்குச் செம்மை தரும் அதே பொருள். இது அழகுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். கண்ணுக்குத் தெரியும் ஒளிகூட மாநிறத் தோலைக் கறுக்கச் செய்யும். அதைச் சிங்க் தனியாகத் தடுக்காது, இரும்பு ஒக்சைட் தடுக்கும். முகத்தில் மங்கு உள்ளவர்கள் நிறமற்ற கிறீமை விட்டு இதற்கு மாறுவதே நல்லது. கடையில் புறங்கையில் பூசிப் பார்க்காமல் தாடை ஓரத்தில் பூசி, வெளியே பகல் வெளிச்சத்துக்கு வந்து கண்ணாடி பாருங்கள்.

வாங்கிய பிறகு காதுக்குப் பின்னாலோ தாடைக்குக் கீழோ மூன்று நாள் தொடர்ந்து பூசிப் பாருங்கள். அரிப்பு, தடிப்பு இல்லாவிட்டால் முகத்துக்கு. செடி என்பதால் ஒவ்வாமை வராது என்றில்லை. எள்ளும் கொட்டைகளும் ஒத்துக்கொள்ளாதவர்கள் லத்தீன் பெயர்களை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எந்தச் சன்கிறீமும் வேண்டாம். நிழலும் தொப்பியும் போதும்.

படி 6: பூசும் முறை

டியூப்பில் உள்ள எஸ்பிஎஃப் எண், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. முகத்துக்கு அது ஒரு கிராமுக்குச் சற்று மேல். சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் நுனி முதல் அடி வரை இரண்டு கோடு இழுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக வரும். 50 கிராம் டியூப், முகத்துக்கு மட்டும் தினம் ஒரு முறை பூசினால், நாற்பது நாளில் முடிய வேண்டும். உங்கள் டியூப் நான்கு மாதமாக இருக்கிறதென்றால் நீங்கள் பூசுவது எஸ்பிஎஃப் 50 அல்ல.

மினரல் கிறீமை ஒரே தடவையில் முழுவதும் பூசினால் வெள்ளை திரளும். ஒரு விரல் அளவை ஏழெட்டுப் பொட்டாக வைத்து, தேய்க்காமல் உள்ளங்கையால் ஒற்றி ஒற்றிப் பரப்புங்கள். ஒரு நிமிடம் விட்டு அடுத்த விரல். காது மடல், மயிர்க்கோடு, மூக்கின் ஓரம், தாடைக்குக் கீழ் எல்லாம் தவறிப்போகும் இடங்கள். கிண்ணியாத் தோழி ஒருத்திக்கு முக்காட்டின் விளிம்பு உரசி உரசி நெற்றியில் கிறீம் போய்விடும். அவள் அந்த ஓரத்துக்கு மட்டும் இரண்டாம் தடவை பூசுகிறாள். பத்து நிமிடம் படிய விட்டு, பிறகு பவுடர், மேக்கப்.

இதோடு தேங்காயெண்ணெயைக் கலக்காதீர்கள். ‘கொஞ்சம் லேசாக வரட்டும்’ என்று கலப்பவர்கள் உண்டு. பொடியின் அடர்த்தி குறைந்து படலம் பிளக்கும். முகத்துக்கு ஈரப்பதம் வேண்டுமென்றால் அதைச் சன்கிறீமுக்கு முன் பூசி ஊற விடுங்கள்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும் என்பது விதி. அலுவலகத்துக்குள் இருப்பவர் மதியம் வெளியே இறங்குமுன் ஒரு முறை பூசினால் பெரும்பாலும் போதும். வியர்வையை லேஞ்சியால் துடைக்காமல் ஒற்றி எடுங்கள்.

படி 7: கடலுக்குப் போனால்

காய்ந்த மணல் புற ஊதாவில் சுமார் 15 சதவீதத்தையும் கடல்நுரை 25 சதவீதத்தையும் திருப்பி அடிக்கும். அதனால் தொப்பி மட்டும் போட்டவருக்கும் மூக்கின் அடிப்பக்கம் சுடும். நீர் தாங்கும் என்று எழுதியிருந்தால் 40 அல்லது 80 நிமிடம்தான் தாங்கும்.

புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, பவளப்பாறைக்காகவே. ஒக்ஸிபென்சோனும் ஒக்டினொக்சேட்டும் பவளத்துக்குக் கேடு என்று ஹவாய் 2018 இல் சட்டம் இயற்றி 2021 முதல் அவற்றின் விற்பனையைத் தடுத்தது. பவளம் வெளுப்பதற்குப் பெரிய காரணம் கடல் சூடாவதுதான். இருந்தாலும் அந்த இரண்டும் இல்லாத கிறீம் கிடைக்கும்போது அதைப் பூசுவதில் நமக்கு நட்டமில்லை. ‘பவளத்துக்குப் பாதுகாப்பு’ என்ற வாசகத்துக்குச் சட்ட வரையறை கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். முழுக்கைச் சட்டை போட்டால் பூச வேண்டிய கிறீமே பாதியாகிவிடும்.

படி 8: இரவில் கழுவுவது

மெழுகும் எண்ணெயும் சிங்கும் சேர்ந்த படலம் வெறும் சவர்க்காரத்துக்கு அசையாது. மறுநாள் வரும் பருக்களில் பாதிக்குக் காரணம் சன்கிறீம் அல்ல, கழுவாமல் விட்ட மிச்சம் என்பது என் அனுபவம். அம்மம்மாவின் எண்ணெய்க்கு இங்கேதான் வேலை. முகம் காய்ந்திருக்கும்போதே அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெயோ சூரியகாந்தியோ எடுத்து ஒரு நிமிடம் வட்டமாகத் தேயுங்கள். வெள்ளை கரைந்து எண்ணெய் பால் நிறமாகும். ஈரத் துவாயால் ஒற்றி எடுத்துவிட்டு, காரமில்லாத ஃபேஸ்வொஷ் போட்டுக் கழுவுங்கள்.

படி 9: வீட்டில் செய்வது, வைப்பது

‘நானே சிங்க் பொடி வாங்கித் தேங்காயெண்ணெயில் கலக்கலாமா?’ வேண்டாம். கையால் கலக்கும்போது பொடி கண்ணுக்குத் தெரியாமல் கட்டிகட்டியாக நிற்கும், கட்டிகளுக்கு நடுவே வெயில் நேராக உள்ளே போகும். தூள் மூச்சில் ஏறுவது இன்னொரு கேடு. கலமைன் லோஷனிலும் சிங்க் ஒக்சைட் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது அரிப்புக்கு, வெயிலுக்கென்று அளக்கப்பட்டதல்ல.

டியூப்பை ஸ்கூட்டி சீட்டுக்குக் கீழே வைக்காதீர்கள். அந்தப் பெட்டி மதியத்தில் அடுப்பு. எண்ணெய் மேலே மிதந்து பொடி அடியில் படிந்துவிட்டால், குலுக்கினாலும் பழையபடி சேரும் என்று நம்ப முடியாது, எறிந்துவிடுங்கள். திறந்த மூடி படத்துக்குள் 6எம், 12எம் என்று இருப்பது திறந்த பிறகு எத்தனை மாதம் என்ற கணக்கு. திறந்த தேதியை மார்க்கரால் டியூப்பிலேயே எழுதி வைப்பேன். மூக்கும் ஒரு நல்ல கருவி: பழைய முறுக்கு டப்பாவைத் திறந்தது போலச் சிக்கு வாடை அடித்தால் எண்ணெய் கெட்டுவிட்டது.

அந்தக் கண்ணாடிப் போத்தலில் மிச்சம் இருந்ததை ஆறு மாதம் கழித்துத் திறந்தபோது அந்த வாடைதான் அடித்தது. முன் படலையின் கீலுக்கு ஊற்றினேன். இப்போது சத்தமில்லாமல் திறக்கிறது.